படிவத்தின் ஏழாம் கட்டம்

நீர் வாரியம் அனுப்பிய படிவத்தில்
ஏழாம் கட்டம் மட்டும் காலி.
"ஏரியின் நிலைத்தன்மை: வரையறுக்கவும்.
ஒரு வரிக்கு மிகாமல்."

ஃப்ரீஸ்லாந்தில், கடல்மட்டத்துக்குக் கீழே,
பம்புகள் ஒரு வாரம் நின்றால்
ஏரி எது, வீதி எது என்று தெரியாத ஊரில்
பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதியது: அசையாதது.
அடித்துவிட்டேன்.
விட்ஸ்கெ படகிலிருந்து கயிற்றில் இறக்கும்
கறுப்பு வெள்ளைத் தட்டு
கண்ணுக்கு மறையும் ஆழத்தை உரக்கச் சொல்வாள்.
ஒருநாள் ஒன்று நாற்பது.
மறுநாள் ஒன்று இருபத்தெட்டு.
மூச்சுவிடும் ஒன்றின் மார்பளவை
ஒரே எண்ணில் யார் எழுதுவார்?

இரண்டாவது: கலைத்தால் திரும்புவது.
இயற்பியல் வகுப்பில் படித்த வழி இது.
பள்ளத்துக்குள் ஒரு கோலி.
தட்டினால் ஏறும், இறங்கும், அடியில் அடங்கும்.
எத்தனை வேகமாக அடங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு.
அதன் முன்னால் கழித்தல் குறி இருக்கும்வரை
பயமில்லை என்று பாடம்.

புயலில் சேறு கிளம்பினால்
ஏரி தெளிய ஆறு நாள் ஆகும்.
அடுத்த வருடம் ஒன்பது.
அதற்கடுத்து
பத்தொன்பது.
நாற்றம் இல்லை, செத்த மீன் இல்லை,
பிள்ளைகள் மரப்பாலத்திலிருந்து குதித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.
எண் மட்டும், கழித்தல் குறியோடு,
பூஜ்யத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது,
செருப்பைக் கையில் பிடித்தபடி
நள்ளிரவில் வீட்டுக்குள் நுழைபவனைப்போல.

வரைபடத்தை நீட்டினேன்.
"ஏரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார்
வாரியச் செயலர் ட்யாலிங்.
இருந்தது. சிக்கலே அதுதான்.

மே மாதம் ஒரு சாதாரண மழை,
பால்பண்ணைப் புல்வெளிகளின் உரத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது.
ஏரி பச்சையாயிற்று.
உரத்தைப் பாதியாகக் குறைத்தோம். பச்சை.
பாதியில் பாதி. பச்சை.
பதினோரு வருடம்,
எந்தப் புயல் கலக்கினாலும் நான்கே நாளில்
பழைய குருடி கதவைத் திறடி.

கெட்ட ஏரி நிலையற்றது என்று
மூன்றாவதாக எழுதியிருந்தேன்.
சமன்பாடு சிரித்தது:
இதைவிட நிலையான ஏரியை நீ பார்த்ததே இல்லை.
இது பக்கத்துப் பள்ளம், முன்னதைவிட ஆழம்.
உருண்டு வந்த மேடு வேறு,
திரும்ப ஏறவேண்டிய மேடு வேறு.
கோலிக்கு நல்லது கெட்டது தெரியாது.
சரிவு தெரியும்.

குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறான் என்பது வசை.
நாங்கள் குட்டை தெளியட்டும் என்று மீன் பிடித்தோம்.
அடிச்சேற்றை மூக்கால் கிளறும் பிரீம் மீன்கள்,
எழுபத்திரண்டு டன்.
ஹிடே ஸ்வார்ட்டும் அவர் மச்சினனும்
குளிர்காலம் முழுக்கப் பனியை உடைத்து வலை இழுத்தார்கள்.
எங்கள் கணக்கில் அவர்களுக்குப் பெயர்
"புறவிசை" என்று சொன்னேன்.
விரல்களை அக்குளில் சொருகிக்கொண்டு ஹிடே கேட்டார்:
"கூலி விசைக்கா, டன்னுக்கா?"

ஏப்ரலில்
விட்ஸ்கெவிடமிருந்து எண்ணே வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்.
தட்டு ஏரியின் தரையில் கிடந்தது,
கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக,
பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஏதோ ஒரு பாசிச்செடி.

இந்தப் பள்ளம் எத்தனை ஆழம், தெரியாது.
அறிய வேண்டுமானால் ஓங்கித் தட்டிப் பார்க்க வேண்டும்.
தட்டிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.
ஆகவே எழுதுகிறேன்:
எந்த நிலையிலிருந்து, எதனால், எவ்வளவு தள்ளினால்,
எத்தனை நாளில், எதற்குத் திரும்புகிறது என்பதும்
அந்தத் திரும்புதல் யாருக்கு வேண்டும் என்பதும்

வரி ஏழாம் கட்டத்தைத் தாண்டிவிட்டது.
எட்டாவது, கையொப்பத்துக்கான இடம்.